எட்டு வயசுப் பையன், 113.2 செ.மீ. ஒரே க்ளோனிடின் டெஸ்ட்டை வைத்து வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று சொல்லிவிடலாமா?

சித்தப்பா_சாட்ஸ்வர்த்

வணக்கம். அண்ணன் மகனுக்காகக் கேட்கிறேன். மருந்துக் கடை வேலை என்பதால் மருந்து தெரியும், எண்டோகிரைன் (ஹார்மோன் மருத்துவம்) அவ்வளவாகத் தெரியாது. கையில் உள்ள விவரம் முழுக்கத் தருகிறேன்.

வயது 8 வருடம் 2 மாதம். நிறைமாதப் பிறப்பு, 2.9 கிலோ. ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் (இங்கே தென்னாப்பிரிக்காவில் குழந்தையின் உயரம், எடை எழுதி வைக்கும் புத்தகம்) 3 வயதில் 92 செ.மீ., 5 வயதில் 103.5 செ.மீ., அப்போது எடை 16.2 கிலோ. 7 வயது 2 மாதத்தில் பள்ளியில் அளந்தது 110 செ.மீ. (சுவரில் ஒட்டிய டேப், ஷூவைக் கழற்றினார்களா என்பது யாருக்கும் நினைவில்லை). போன வாரம் ஸ்பெஷலிஸ்ட் அறையில் ஸ்டேடியோமீட்டரில் 113.2 செ.மீ., எடை 23 கிலோ. அப்பா 168, அம்மா 154. பருவ மாற்றம் எதுவும் தொடங்கவில்லை. ஆஸ்துமாவுக்கு புடெசொனைடு பம்ப் (உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு), 200 மைக்ரோகிராம், காலை மாலை. இரண்டு ஜனவரிக்கு முன்னால் வாங்கிய பள்ளி லாங்ஸ் (முழுக்கால் சட்டை) இன்னும் காலில் சரியாக நிற்கிறது.

எலும்பு வயது ஐந்தரை. ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்டி உண்டாவது) அந்த வயதுக்கு −2.1 எஸ்.டி. (சராசரியிலிருந்து விலகும் அளவு). டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) 2.1. க்ளோனிடின் டெஸ்ட்டில் (மருந்து கொடுத்து வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைத்து அளப்பது) உச்ச அளவு ஒரு தாளில் 23.7, இன்னொரு தாளில் 7.9. எது சரி என்றே புரியவில்லை. "குறைவுதான், ஊசி தொடங்கலாம்" என்கிறார்கள். மெடிக்கல் எய்டோ (மருத்துவக் காப்பீடு) இரண்டாவது டெஸ்ட் இல்லாமல் மோட்டிவேஷன் லெட்டரை (சிகிச்சை ஏன் தேவை என்று டாக்டர் எழுதும் கடிதம்) பார்க்கவே மாட்டோம் என்கிறது. இரண்டாவது டெஸ்ட் உண்மையிலேயே வேண்டுமா, அல்லது காசை மிச்சம் பிடிக்கிறார்களா?

---

குழந்தை_எண்டோ

டெஸ்ட் தாளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் தந்ததிலேயே விலைமதிப்பானது ரோட் டு ஹெல்த் புத்தகத்தின் அந்த இரண்டு வரிகள்தான்.

பள்ளி டேப்பை நான் நம்பவில்லை. ஷூ, சுருட்டை முடி, கொஞ்சம் மடங்கிய முழங்கால் எல்லாம் சேர்ந்தால் 2 செ.மீ. சுலபமாகத் தப்பும். அதனால் 110இலிருந்து 113.2, ஆக வருடத்துக்கு 3.2 என்று கணக்குப் போடாதீர்கள். நடுவில் உள்ளதை விட்டுவிட்டு 5 வயதுக்குத் தாவுங்கள். 38 மாதத்தில் 103.5இலிருந்து 113.2. அதாவது 9.7 செ.மீ., வருடத்துக்கு 3 செ.மீ.க்கு ஒரு நூல் கூட. இவ்வளவு நீண்ட இடைவெளியில் ஒன்றிரண்டு செ.மீ. அளவுப் பிழை முடிவை மாற்றாது. 4 வயதிலிருந்து பருவம் தொடங்கும்வரை பிள்ளைகள் வருடத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளர வேண்டும். 6 வயதுக்கு மேல் பையன் 4 செ.மீ.க்குக் குறைவாக வளர்ந்தாலே தேட வேண்டும்.

உலக சுகாதார நிறுவன வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் 3 வயதில் சுமார் −1.1, 5 வயதில் −1.4, இப்போது −2.6 எஸ்.டி. பெற்றோர் உயரத்தை வைத்து எதிர்பார்க்கும் உயரம் (168 + 154) ÷ 2 + 6.5 = 167.5 செ.மீ. பெண் பிள்ளையென்றால் 6.5ஐக் கழிக்க வேண்டும். 167.5 என்பது வளர்ந்த ஆணுக்கு ஏறக்குறைய −1.2. அப்படியானால் 5 வயதுவரை பையன் குடும்பக் கோட்டிலேயே போனான், அதற்குப் பிறகுதான் விலகினான். "எங்கள் வீட்டில் எல்லோரும் குள்ளம்தான்" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அடுத்தது எடை. 5 வயதில் பி.எம்.ஐ. 15.1, இப்போது 17.9. உயரம் நின்றுவிட்டது, எடை நிற்கவில்லை. சாப்பாடு போதாமல், அல்லது குடல், சிறுநீரகம், நாள்பட்ட தொற்று காரணமாக வளராத பிள்ளை முதலில் மெலியும், பிறகுதான் உயரம் குறையும். உயரம் நின்று உடம்பு உருண்டையானால் அது ஹார்மோன் பக்கம் கைகாட்டுகிறது: தைராய்டு, கார்ட்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) அதிகம், வளர்ச்சி ஹார்மோன். புடெசொனைடு 400 மைக்ரோகிராம் முதல் ஓரிரு வருடத்தில் ஒரு செ.மீ. அளவுக்குக் குறைக்கலாம். இவ்வளவு பெரிய சரிவை அதன் தலையில் போட முடியாது. ஆனால் மூக்கு ஸ்பிரே, தோல் கிரீம், ஆஸ்துமா கூடும்போது கொடுத்த பிரெட்னிசோன் கோர்ஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். யாரும் கூட்டுவதில்லை.

எலும்பு வயது ஐந்தரை என்பது வளர்ச்சி தாமதம் என்று மட்டும் சொல்கிறது. பரம்பரையாகத் தாமதமாகப் பருவம் எட்டும் பிள்ளைகளுக்கும் இடது கை எக்ஸ்ரே இப்படித்தான் வரும். அவர்களுடைய கோடு 3 வயதுக்குள் கீழே இறங்கி, பிறகு அதே கோட்டில் இணையாகப் போகும். இந்தப் பையனுடைய கோடு இறங்கிக்கொண்டே இருக்கிறது.

எனக்கு உறுத்துவது, நீங்கள் டி.எஸ்.எச். மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) எங்கே? பிட்யூட்டரியே (மூளைக்கு அடியில் மற்ற சுரப்பிகளை இயக்கும் சுரப்பி) கெட்டிருந்தால் டி.எஸ்.எச். 2.1 என்று சாதுவாக நிற்கும், டி4 மட்டும் தரையில் கிடக்கும். டி4 குறைவாக இருக்கும்போது எடுத்த க்ளோனிடின் டெஸ்ட்டும் ஐ.ஜி.எஃப்-1உம் இரண்டுமே பொய்யாகக் குறையும். இதோடு ரத்த எண்ணிக்கை, இ.எஸ்.ஆர்., யூரியா, கிரியாட்டினின், பைகார்பனேட், கால்சியம், சிறுநீர், சீலியாக்கிற்கு (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ.வுடன் மொத்த ஐ.ஜி.ஏ. இவை எடுத்தார்களா? எச்.ஐ.வி. டெஸ்ட்டும் நம் ஊரில் இந்தப் பட்டியலில் சேரும், கூச்சப்பட ஒன்றுமில்லை. பெண் பிள்ளையாக இருந்தால் டர்னருக்காக (பெண்ணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவது) குரோமோசோமும் கேட்டிருப்பேன், முகம் எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும்.

---

லேப்_பெஞ்ச்

23.7, 7.9 இரண்டும் ஒன்றுதான். 23.7 மில்லி யூனிட்/லிட்டர், 7.9 மைக்ரோகிராம்/லிட்டர். இப்போதைய தரநிலைப்படி 1 மைக்ரோகிராம் = 3 மில்லி யூனிட். நானோகிராம்/மி.லி. என்று அச்சடித்திருந்தால் அதுவும் மைக்ரோகிராம்/லிட்டரும் ஒரே எண். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் போனில் சொல்வது பெரிய தொல்லை. 7.9 மில்லி யூனிட் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது 2.6 மைக்ரோகிராம் ஆகிவிடும், கதையே வேறு.

இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். முதலாவது பயோட்டின் (ஒரு பி வைட்டமின்). முடி, நகத்துக்கு என்று விற்கும் கம்மி மிட்டாய்களில் நிறைய இருக்கும். சில மெஷின்களின் ஸ்ட்ரெப்டாவிடின் முறையில் அதிக பயோட்டின் இருந்தால் ஜி.எச். (வளர்ச்சி ஹார்மோன்), டி.எஸ்.எச். இரண்டும் பொய்யாகக் குறைவாக வரும். டெஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்த வேண்டும். இரண்டாவது, குழாய்களில் நேரம். ஐந்து குழாய் வரும், எல்லாவற்றிலும் 08:00 என்று ஒட்டியிருக்கும். அப்போது உச்சம் 60ஆம் நிமிடமா 120ஆம் நிமிடமா என்று சொல்ல வழியில்லை. கடைசிக் குழாயில்தான் உச்சம் என்றால் டெஸ்ட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

சும்மா ஒரு காலையில் எடுத்த ஜி.எச். அளவுக்கு அர்த்தமே கிடையாது. அது விட்டுவிட்டுச் சுரக்கும், பெரும்பாலும் ராத்திரித் தூக்கத்தில். பகலில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருவது நல்ல பிள்ளைக்கும் சகஜம்.

---

பினாங்கோ_ஜி.பி.

நான் படித்த காலத்தில் 10க்குக் கீழே என்றால் குறைவு, அவ்வளவுதான். 7.9 பத்துக்குக் கீழேதானே? உயரமும் −2.6. ஊசியைத் தள்ளிப்போட்டால் வீணாவது பையனுடைய வருடங்கள்தான்.

---

குழந்தை_எண்டோ

டாக்டர், 10 என்பது பழைய ரேடியோ இம்யூனோ முறைக்கு வந்த எல்லை. இப்போதைய மானோக்ளோனல் முறைகள் அதே ரத்தத்தைக் குறைவாகப் படிக்கின்றன. அதனால்தான் பல இடங்களில் 7க்கு இறங்கிவிட்டார்கள். 20 மில்லி யூனிட் என்று வைத்திருப்பவர்களின் எல்லை 6.7. இந்தப் பையனின் 7.9 உங்கள் எல்லையில் தோல்வி, என் எல்லையில் தேர்ச்சி. ஒரே ரத்தம், இரண்டு தீர்ப்பு! அந்த எண்ணைத் தனியாக நம்ப முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நன்றாக வளரும் பிள்ளைகளிலும் ஒரு பங்கு ஏதாவது ஒரு டெஸ்ட்டில் தோற்கத்தான் செய்யும். அதனால்தான் இரண்டு வெவ்வேறு மருந்தில் டெஸ்ட், இரண்டிலும் தோற்றால்தான் குறைவு. குண்டாக இருந்தால் உச்சம் மேலும் தாழும். 17.9 பி.எம்.ஐ. பெரிய குண்டு இல்லைதான், ஆனாலும் கணக்கில் வையுங்கள். இன்னும் பருவம் தொடங்காத 11 வயதுக்கு மேற்பட்ட பையன், 10 வயதுக்கு மேற்பட்ட பெண் என்றால் டெஸ்ட்டுக்கு முன்னால் இரண்டு மாலை எஸ்ட்ராடையால் 2 மி.கி. (20 கிலோவுக்குக் கீழே 1 மி.கி.) கொடுத்துவிட்டு எடுப்பது வழக்கம். கொடுக்காவிட்டால் வெறும் பருவத் தாமதமே ஹார்மோன் குறைவு போலத் தெரியும். இவனுக்கு 8 வயது, அது தேவையில்லை.

மெடிக்கல் எய்டு எந்த நோக்கத்தில் கேட்டாலும், இரண்டாவது டெஸ்ட் கேட்டது சரிதான். ஆனால் அதற்கு முன்னால் ஃப்ரீ டி4.

---

வார்டு_சிஸ்டர்

டெஸ்ட் எடுக்கும் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் பாதித் தவறு அங்கேதான்.

ராத்திரி முழுக்கப் பட்டினி, தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். ஊசி குத்தி அழுத உடனே முதல் ரத்தம் எடுக்காதீர்கள். பயத்திலேயே ஜி.எச். எகிறும், அதற்குப் பிறகு மருந்து கொடுத்தாலும் சுரப்பி கொஞ்ச நேரம் அசையாது, உச்சம் பொய்யாகத் தாழும். கான்யுலாவைப் போட்டு, டேப் ஒட்டி, அரை மணி நேரம் கார்ட்டூன் பார்க்க விட்டுவிட்டுத்தான் முதல் குழாய். ஒவ்வொரு முறையும் லைனில் நிற்கும் சலைன் கலந்த முதல் 2 மி.லி.யை எடுத்துத் தள்ளிவிட்டுப் பிறகு சாம்பிள். தள்ளாமல் எடுத்தால் நீர்த்த ரத்தம் லேபுக்குப் போகும்.

க்ளோனிடின் அளவு சதுர மீட்டருக்கு 150 மைக்ரோகிராம். 113.2 செ.மீ., 23 கிலோவுக்கு உடல் பரப்பு 0.85. வருவது 127.5. 25 மைக்ரோகிராம் மாத்திரை ஐந்து, கணக்கு முடிந்தது. 150 மாத்திரையை உடைத்துத் தூளாக்கி ஊகத்தில் கொடுப்பதைவிட இது மேல். 0, 30, 60, 90, 120 நிமிடத்தில் ரத்தம். அரை மணிக்கொருமுறை பிரஷர். பிள்ளை வெளிறித் தூங்கிப் போகும், அது மருந்தின் வேலை. எழுப்பி டாய்லெட்டுக்கு நடக்கவிடக் கூடாது, விழுந்துவிடும். பாட்டிலைக் கொடுங்கள். வீட்டுக்குப் போகும்முன் உட்காரவைத்து, பிறகு நிற்கவைத்துப் பிரஷர் பார்க்க வேண்டும், உப்புச் சேர்த்த சிப்ஸ், ஜூஸ் கொடுத்த பிறகு.

இரண்டாவதாக குளுக்ககான் எடுத்தால் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், தசையில். 23 கிலோவுக்கு 0.69 மி.கி. அரை மணிக்கொருமுறை 180 நிமிடம்வரை ரத்தம், உச்சம் தாமதமாகத்தான் வரும். வாந்தி நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிண்ணம் பக்கத்தில் இருக்கட்டும். சுகர் முதலில் ஏறும், இரண்டு மூன்று மணி கழித்து இறங்கும். எல்லோரும் மூட்டை கட்டும் நேரம் அது. சோறோ ரொட்டியோ சாப்பிட்டு, அது வயிற்றில் தங்கிய பிறகு சுகர் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். அர்ஜினின் என்றால் கிலோவுக்கு அரை கிராம், 10% கரைசலில் இவனுக்கு 115 மி.லி., அரை மணி நேரத்தில் ஓட வேண்டும்.

இன்சுலின் டெஸ்ட்டை அனுபவமுள்ள யூனிட்டில் மட்டும். வலிப்பு, இதய நோய் இருந்தால் வேண்டாம். சுகர் விழுந்து பிள்ளை மயங்கினால் 10% டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு 2 மி.லி., மெதுவாக. பதற்றத்தில் 50% டெக்ஸ்ட்ரோஸைத் தள்ளிப் பிள்ளைகள் இறந்ததுண்டு. அந்தப் பாட்டிலை டிராலியிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது.

---

மீரா_டொங்காட்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஆன்லைனில் நாக்குக்கு அடியில் அடிக்கும் "ஜி.எச். ஸ்பிரே" விற்கிறார்களே, உயரம் கூட்டும் பொடியும் இருக்கிறதே, டெஸ்ட் முடியும்வரை அதைக் கொடுத்தால் கெடுதலா?

---

குழந்தை_எண்டோ

வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலம் கொண்ட புரதம். வாய் வழியாகப் போனால் மாமிசம் ஜீரணமாவதுபோல் ஜீரணமாகும், நாக்கடியில் உள்ளே இறங்க முடியாத அளவு பெரியது. உண்மையான ஹார்மோன் என்றால் ஊசிதான். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வளர்ச்சி இன்னும் நிற்கும், பயோட்டின் கலந்திருந்தால் மேலே லேப்_பெஞ்ச் சொன்னது நடக்கும். வேண்டாம்மா.

---

சித்தப்பா_சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் நன்றி. கம்மி மிட்டாய் இல்லை, மூக்கு ஸ்பிரே இல்லை, பிரெட்னிசோன் இரண்டு வருடத்தில் ஒரு முறை, ஐந்து நாள். சீலியாக், சிறுநீரகம், ரத்த எண்ணிக்கை எல்லாம் சரியாக வந்துவிட்டது. எச்.ஐ.வி. நெகட்டிவ்.

ஃப்ரீ டி4 8.4 பிக்கோமோல். லேபின் கீழ் எல்லை 12. டி.எஸ்.எச். மறுபடி 2.4. தைராக்ஸின் 25 மைக்ரோகிராம் எழுதித் தந்திருக்கிறார்கள், நாளைக்கு ஆரம்பிக்கச் சொல்லி. குளுக்ககான் டெஸ்ட் அடுத்த வியாழன்.

---

குழந்தை_எண்டோ

நாளைக்கு ஆரம்பிக்காதீர்கள். எழுதித் தந்தவரை இன்றே கூப்பிட்டு, முதலில் காலை 8 மணி கார்ட்டிசால் எடுக்கக் கேளுங்கள். இது பிட்யூட்டரி வகைத் தைராய்டுக் குறைவு. ஏ.சி.டி.எச்.சும் (அட்ரினலை இயக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்) போயிருந்தால், தைராக்ஸின் போனவுடன் உடம்பு இருக்கிற கொஞ்சநஞ்ச கார்ட்டிசாலையும் வேகமாகக் கரைத்துவிடும், பிள்ளை அட்ரினல் கிரைசிஸில் (கார்ட்டிசால் இல்லாமல் உயிருக்கே ஆபத்தாகும் நிலை) விழும். கார்ட்டிசால் 100 நானோமோலுக்குக் கீழே என்றால் குறைவு, முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகுதான் தைராக்ஸின். நடுத்தரமாக வந்தால் சினாக்தென் டெஸ்ட் (ஊசி போட்டு அட்ரினலைத் தூண்டிப் பார்ப்பது). பம்பும் கார்ட்டிசாலைக் கொஞ்சம் தாழ்த்தும் என்பதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இடையில் வாந்தி, மயக்கம், சுகர் குறைவு எது வந்தாலும் காத்திருக்காமல் கேஷுவல்டிக்குக் கொண்டுபோங்கள்.

வியாழன் டெஸ்ட்டை ரத்து செய்யுங்கள். டி4 8.4இல் எடுத்தால் பணமும் ரத்தமும்தான் விரயம். சரியாகி ஆறு எட்டு வாரம் கழித்து, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். சரியானதா என்று டி4ஐப் பார்த்து அளவைக் கூட்டுங்கள், டி.எஸ்.எச். இவனுக்கு ஒன்றும் சொல்லாது.

இப்போது முதல் வேலை எம்.ஆர்.ஐ. 5 வயதுவரை நன்றாக வளர்ந்துவிட்டுப் பிறகு இரண்டு ஹார்மோன் சேர்ந்து தாழ்ந்தால் அங்கே ஏதாவது வளர்ந்து அழுத்துகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், முக்கியமாகக் கிரேனியோஃபாரிஞ்சியோமா (பிட்யூட்டரிக்குப் பக்கத்தில் வளரும் கட்டி). பிட்யூட்டரிக்கு என்றே மெல்லிய வெட்டுகளாக, கான்ட்ராஸ்ட்டுடன், என்று ரெக்வெஸ்ட்டில் எழுதச் சொல்லுங்கள். "மூளை எம்.ஆர்.ஐ." என்று மட்டும் போனால் சுரப்பி இரண்டு வெட்டில் தாண்டிப் போய்விடும். கட்டி இல்லாவிட்டாலும், தண்டு மெலிந்திருக்கிறதா, பின்பக்கச் சுரப்பியின் வெள்ளைப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் மேலே தங்கிவிட்டதா என்று தெரியும். அப்படிப் பிறவியிலேயே உள்ள சில பிள்ளைகள் முதல் சில வருடம் நன்றாக வளர்வதும் உண்டு. இது தெரியாமல் ஊசியைத் தொடங்கக் கூடாது. கட்டி இருக்கும்போது வளர்ச்சி ஹார்மோன் கொடுக்க மாட்டோம்.

வளர்ச்சி குன்றியது அளவில் தெரிகிறது, இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோன் குறைவு தெரிகிறது. எம்.ஆர்.ஐ.யில் பெரிய பிறவிக் கோளாறோ கட்டியோ தெரிந்தால் மூன்றாவதும் சேரும். மூன்றும் சேர்ந்தால் ஊக்க டெஸ்ட்டே வேண்டாம் என்று 2016இல் அமெரிக்கக் குழந்தை எண்டோகிரைன் சங்கம் எழுதியிருக்கிறது. மோட்டிவேஷன் லெட்டரில் இதையே காட்டலாம்.

இரண்டு கேள்வி. ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கிறானா, திடீரென்று படுக்கையை நனைக்கிறானா? காலையில் தலைவலி, வாந்தி, கண் பார்வையில் மாற்றம்?

---

சித்தப்பா_சாட்ஸ்வர்த்

தண்ணீர், தலைவலி இல்லை. தைராக்ஸினை நிறுத்தி வைத்தாயிற்று, கார்ட்டிசால் நாளை காலை. கண்ணைப் பற்றிக் கேட்டதும் அண்ணி சொன்னார், சில மாதமாகக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறானாம். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையெல்லாம் சரியாகப் படித்துவிட்டான்.

---

குழந்தை_எண்டோ

எழுத்துப் பலகை நேர்ப்பார்வையைத்தான் காட்டும், பக்கவாட்டுப் பார்வையைக் காட்டாது. அவனுக்கு எதிரே உட்கார்ந்து உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை அவன் கையாலேயே மூடச் சொல்லி, காதுக்குப் பக்கத்திலிருந்து உங்கள் விரலை அசைத்தபடியே மெதுவாக முன்னால் கொண்டுவாருங்கள். தெரிந்ததும் சொல்லட்டும். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் தாமதமாகத் தெரிந்தால் பார்வை நரம்புகள் குறுக்காகப் போகும் இடம் அழுத்தப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நன்றாகத் தெரிந்தாலும் இதை நம்பி விட்டுவிடாதீர்கள், கண் மருத்துவரிடம் ஃபீல்டு டெஸ்ட் வேண்டும்.

எம்.ஆர்.ஐ.க்கு அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். "உயரக் குறைவு" என்று எழுதினால் வரிசையில் கடைசி. "பிட்யூட்டரி ஹார்மோன் குறைவு, பார்வை மாற்றம்" என்று எழுதச் சொல்லுங்கள். டர்பனின் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனைக்கு நேராகப் போய் நிற்க முடியாது, ரெஃபரல் வேண்டும். இன்றே பையனுடைய டாக்டரை அங்கே போன் செய்யச் சொல்லுங்கள். கையில் ரோட் டு ஹெல்த் புத்தகத்தை எடுத்துப் போங்கள், ஃபோட்டோ காப்பி அல்ல, புத்தகமே.

---

சித்தப்பா_சாட்ஸ்வர்த்

விரலை அசைத்துப் பார்த்தோம். வலது கண்ணில் என் விரல் தோளைத் தாண்டி முன்னால் வந்த பிறகுதான் "இப்போ தெரியுது" என்றான். இடதும் கிட்டத்தட்ட அப்படியே. டாக்டர் போன் செய்துவிட்டார், கார்ட்டிசாலை அங்கேயே எடுப்பார்களாம். காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம்.